பேரன் பொட்டிக்குக் கோழித்தூக்கம்

வா ராசா, வா. மணி 10 ஆகுது, இப்பத்தான் பொழுது விடிஞ்சுதாக்கும் உனக்கு? உக்காரு. உன் லேப்டாப்பு தூங்குனா எந்திரிக்க மாட்டேங்குதாமே, உங்கம்மா சொன்னா. வாங்குன புதுசுல நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வருசம் உன்கூடவே படுத்துக் கெடந்ததுல பழக்கம் தொத்திருச்சுன்னு உங்க ஆச்சி சொல்லுதா. நான் அப்படிச் சொல்லலப்பா.

டவுன்ல கடைக்காரன் பாத்த உடனே 'போர்டு போச்சு, 14,000 ஆகும்'னானாமே. திறந்து பாத்தானா? இல்லையா? கெட்டிக்காரன். நான் கோவில்பட்டியில 35 வருசம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுனவன். மூடியக் கழட்டாமலே 'காயில் போச்சு'ன்னு சொல்ற வித்தைய எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரல. தெரிஞ்சிருந்தா நானும் மாடி வீடு கட்டியிருப்பேன்.

எனக்கு இந்தப் பொட்டியப் பத்தி என்னலே தெரியும்? பாலிடெக்னிக்ல படிக்கிற உன் தங்கச்சி லீவுக்கு வந்தப்ப திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னா. கேட்டுக்கிட்டேன். நீயும் கேட்டிருக்கலாம். ஆனா இஞ்சினியரு போயி தங்கச்சிகிட்ட சந்தேகம் கேக்க முடியுமா?

மொதல்ல ஒண்ணு பாரு. பொட்டி எந்திரிக்கலையா, இல்ல கண்ணத்தான் திறக்கலையா? ரெண்டும் வேற வேற. திரை கறுப்பாக் கெடக்கும்போது கேப்ஸ் லாக்க அமுக்கு. அந்தச் சின்ன விளக்கு எரிஞ்சு அணைஞ்சுதுன்னா உள்ள ஆள் முழிச்சுத்தான் கெடக்கு. ரேசன் கடைக்குப் போடான்னா நீ போர்வைக்குள்ள முழிச்சுக் கெடப்பியே, அந்தக் கத. அப்ப விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூணையும் புடிச்சுக்கிட்டு பி-யத் தட்டு. பீப்புன்னு ஒரு சத்தம் வரும், திரை ஒரு வெட்டு வெட்டும். படம் காட்டுற டிரைவர் மட்டும் புதுசா எழும்பும், நீ எழுதிக்கிட்டிருந்தது ஒண்ணும் போகாது. அதுக்கும் வரலையா? கிரிக்கெட் பாக்கணும்னு டிவியில இருந்து ஒரு வயர இழுத்துச் சொருகுனியே, அத உருவுனியா? படத்த டிவியில மட்டும் காட்டுன்னு சொல்லி வச்சுட்டு, மடியில இருக்கிறதப் பாத்துச் செத்துப்போச்சுங்கான்! டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாரு. மங்கலா எழுத்து தெரிஞ்சா, திரைக்குப் பின்னால எரியுற விளக்குதான் கோளாறு. அதுக்கு வேணா கடைக்குப் போ.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையலைன்னா பவர் பட்டன 15 எண்ணுற வரைக்கும் அமுக்கிப் புடிச்சு அணை. சேமிக்காம வச்சது போயிரும், அழப்படாது. பெறகு சார்ஜர், மவுசு, பென் டிரைவு எல்லாத்தையும் உருவிட்டு, மறுபடி ஒரு 30 செகண்டு அமுக்கிப் புடி. உள்ள தங்கி நிக்கிற கரண்டு வடிஞ்சிரும். உன் தங்கச்சி இதச் சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். மோட்டார அணைச்ச பெறகும் கண்டன்சர்ல கரண்டு நிக்கும்லே. வடிக்காமக் கைய வச்சா ஆளத் தூக்கிச் செவத்துல அடிச்சிரும். இந்தா பாரு, இந்த ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருக்கா? அப்படி வாங்குனதுதான்.

இப்ப தூக்கத்துக்கு வாரேன். இதுகளுக்குத் தூக்கமே மூணு ரகமாம். 1996ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் கூடி ஏசிபிஐன்னு ஒரு சட்டம் எழுதியிருக்காவ. அதுல எஸ் 3ன்னு ஒரு தூக்கம். வீடு பூரா விளக்க அணைச்சுட்டு மாடத்துல ஒரு அகல மட்டும் எரிய விடுற மாதிரி, ராமுக்கு மட்டும் கரண்டு போயிக்கிட்டிருக்கும். இன்னொண்ணு ஹைபர்னேட்டு. அன்னன்னைக்குக் கணக்கப் பேரேட்டுல எழுதி வச்சுட்டுக் கடையப் பூட்டிட்டு வாரது. ராம்ல கெடக்கிறத டிஸ்க்குல எழுதிட்டு முழுசா அணைஞ்சிரும், பேட்டரி தீந்தாலும் கணக்கு அழியாது.

மூணாவதுதான் உன் ரகம். 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப கனெக்டட் ஸ்டாண்ட்பைன்னு கொண்டாந்தான், விண்டோஸ் 10ல அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆச்சு. போன் மாதிரி தொட்ட உடனே எந்திரிக்கணுமாம், தூங்கிக்கிட்டே மெயிலும் பாக்கணுமாம். கோழித்தூக்கம்லே அது! சோளக்காட்டுக் காவலுக்குப் போன பய ஒரு கண்ணத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்குவான் பாரு. அவன் தூக்கமும் போகும், பன்னியும் மேஞ்சுட்டுப் போயிரும்.

செவ்வாக்கிழம வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சு வாரேன், உன் பை நாற்காலியில கெடக்கு. உள்ளருந்து ஸ்ஸுன்னு சத்தம். பாம்புன்னு கம்ப எடுத்துட்டேன். மெதுவாத் தொட்டுப் பாத்தா, அடைகாக்கிற கோழி வயிறு மாதிரி சூடு. ஜிப்பத் திறந்தேன், மூடுன பொட்டிக்குள்ள காத்தாடி சுத்திக்கிட்டு இருக்கு. நீ அதச் சாத்தி வச்சு அஞ்சு மணி நேரம் இருக்கும். ராத்திரி பூரா பைக்குள்ள வெந்து, பேட்டரி வத்திப்போயிக் கெடக்கிறத விடிய எந்திரின்னா எப்படிலே எந்திரிக்கும்?

கமாண்ட் ப்ராம்ப்ட்ட திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடம் விட்டு ஸ்லாஷ் ஏ-ன்னு அடி. உன் பொட்டிக்கு எந்தெந்தத் தூக்கம் விதிச்சிருக்குன்னு அதுவே சொல்லும். எஸ் 0ன்னு வந்தா கோழித்தூக்கந்தான். கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸுக்குப் போயி, மூடியச் சாத்துனா ஹைபர்னேட்டுன்னு மாத்தி விடு. எந்திரிக்கக் கொஞ்சம் நேரம் கூடும். கூடட்டுமே, நீ ஒரு காப்பி குடிக்கவே முக்கா மணி நேரம் ஆகுது.

'மத்த நாளெல்லாம் ஷட்டவுன் பண்ணித்தான படுக்கேன் தாத்தா'ங்கிற. அங்கதான் இருக்கு கூத்து. அதே விண்டோஸ் 8லருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புன்னு ஒண்ணு உண்டாம். ஷட்டவுன் குடுத்தா, அடிமண்டையில ஓடுனத டிஸ்க்குல எழுதி வச்சுக்கிட்டு, மறுநா அதையே எடுத்து ஓட்டும். நேத்து வச்ச கொழம்பச் சுட வச்ச மாதிரி, பழைய கோளாறும் கூடவே சூடேறி வரும். ரீஸ்டார்ட்டு குடுத்தாத்தான் முழுசாக் குளிச்சு முழுகி எந்திரிக்குமாம். அணைன்னு சொன்னா அணையாது, திரும்ப எழும்புன்னு சொன்னாத்தான் ஒழுங்கா அணையும்! இதுக்குப் பேரு வச்ச ஆளு யாருலே? அந்தப் பவர் ஆப்ஷன்ஸுலயே, பவர் பட்டன் என்ன செய்யணும்னு கேக்கிற பக்கத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போட டிக்க எடுத்துரு.

அப்டேட்டு போட்ட பெறகு வந்த சீக்குன்னா, டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே டிரைவர ரோல்பேக் பண்ணு, இல்ல பொட்டி செஞ்ச கம்பெனிப் பக்கத்துலருந்து புதுச இறக்கு. அது உன் வேலை, எனக்கு இங்கிலீசு வராது.

இன்னொண்ணு. ஆச்சி ஊக்கக் கொண்டா. இந்தத் திரை ஓரமா வச்சு நவுத்து... இந்தா, ஒட்டிக்கிச்சு பாத்தியா? மூடியில காந்தம் இருக்குலே. அத வச்சுத்தான் சாத்தியாச்சான்னு பொட்டி கண்டுபுடிக்கும். கையில காந்தப் பட்ட வச்ச வாட்சக் கட்டிக்கிட்டுக் கீபோர்டு மேல மணிக்கட்ட வச்சா, சாத்திட்டான்னு நெனச்சு மறுபடி தூங்கிரும். நேத்து நீ ரெண்டு தடவை எழுப்பி ரெண்டு தடவையும் படுத்துதே, அப்ப அந்த வாட்சு எங்க இருந்துச்சு?

சரி, எந்திரி. கடைக்காரனுக்குப் போனப் போட்டு, பொட்டி வரலைன்னு சொல்லிரு. அம்மாகிட்ட வாங்குன 14,000த்தத் திருப்பிக் குடு. இதுல எதுக்கும் அசையலைன்னா உன் தங்கச்சியக் கூப்புடு. எந்த நேரமும் கூப்புடலாம், அவ ஆறு மணிக்கே எந்திரிச்சிருவா.