பிறந்த மேனியும் இரண்டு சக்கரமும்: ஓர் ஆய்வு

உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் நடு வீதியில் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். அவர்கள் சொல்ல வந்தது ஒன்று. வேடிக்கை பார்ப்பவர் பார்ப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் இது: இந்த ஊர்வலத்தின் ஈர்ப்பு, எவ்வளவு துணி களையப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று, எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1. தோற்றுவாய்

இத்துறையின் மூதாட்டி கொடைவா சீமாட்டி. பதினோராம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகர மக்கள்மேல் கணவன் சுமத்திய வரியைக் குறைக்க வேண்டி, ஆடையின்றிக் குதிரையேறி ஊரைச் சுற்றினாள் என்பது கதை. அவளை ஒளிந்து பார்த்த டாம் பல நூற்றாண்டுகள் கழித்தே அக்கதைக்குள் நுழைந்தான். கோரிக்கை, ஊர்வலம், எட்டிப் பார்க்கும் ஆள் ஆகிய மூன்றும் அக்கதையிலேயே கூடிவிட்டன. குதிரைக்குப் பதில் சைக்கிள் வர வேண்டியதுதான் பாக்கி.

2001இல் ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் அது வந்தது. கார்களுக்கு நடுவே சைக்கிளோட்டி எத்தனை பாதுகாப்பற்றவன் என்பதைத் தோலைக் காட்டியே விளக்கினார்கள். அடுத்து, கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட், பெட்ரோலுக்கு உலகம் அடிமைப்பட்டிருப்பதை எதிர்த்து இதை உலக ஊர்வலமாக்கினார். 2004 ஜூனில் 10 நாடுகளின் 28 நகரங்களில் அது நடந்தது. முழுதாகக் களைய வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. துணிச்சல் உள்ள மட்டும் களைந்தால் போதும். ஆனால் நிர்வாண ஊரில் கோவணம் கட்டியவன் என்ன பெயர் வாங்குவான் என்பது தமிழருக்குத் தெரிந்ததே.

2. சட்டவியல்

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டப்படி, பிறரைப் பதறவைக்கும் அல்லது நோகடிக்கும் எண்ணத்தோடு பிறப்புறுப்பைக் காட்டினால்தான் குற்றம் ஆகும். எனவே லண்டன் ஊர்வலம் பட்டப்பகலில் பிக்காடில்லி வழியாகப் போக முடிகிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டிலோ, அம்மணமாக சைக்கிள் ஓட்டிப் பிடிபட்ட ஓர் இளைஞரை 2008இல் நீதிபதி விடுவித்தார். இந்நகரில் இது நன்கு வேரூன்றிய மரபு என்பது அவர் சொன்ன காரணம். அங்கே ஊர்வலம் தொடங்கியது 2004இல். நான்கே ஆண்டில் மரபாகிவிட்ட வேறு பழக்கம் எதுவும் இவ்வாய்வில் அகப்படவில்லை.

நியூசிலாந்து வேறு ரகம். 2009இல் கோரமண்டல் தீபகற்பத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் உடையின்றி ஓட்டிவந்த இருவரைப் போலீஸ் நிறுத்தி எச்சரித்தது. தலையில் ஹெல்மெட் இல்லையாம்! அந்தத் தீபகற்பத்துக்குப் பெயர் தந்த கப்பல், நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கியது என்பதால், தமிழாய்வுலகம் இந்நிகழ்ச்சியைச் சொந்தம் கொண்டாடச் சற்றே இடமுண்டு.

3. இருக்கையியல்

கோட்பாட்டாளர்கள் தொடாத பகுதி இது. வெயிலில் நின்ற தோல் இருக்கையில் நேரே உட்கார்ந்தால் கொள்கை ஒரு கணம் ஆட்டம் காணும். அதனால் அனுபவசாலிகள் மேலே துண்டு விரிப்பார்கள். காலில் செருப்பு போதாது, ஷூ வேண்டும். பெடல் விரலைக் கடித்துவிடும். பாக்கெட் இல்லாத உடம்பில் வீட்டுச் சாவியும் போனும் எங்கே போகும்? இடுப்புப் பைக்குள். முதுகில் வண்ணத்தால் எழுதிய முழக்கம் வியர்வையில் வழிந்து, பாதி வழியிலேயே ‘எண்ணெய் வேண்டாம்’ என்பதில் ‘வேண்டாம்’ கரைந்துபோக வாய்ப்புண்டு.

4. ஈர்ப்பின் ஏற்ற இறக்கம்

போர்ட்லண்டில் தொடக்கத்தில் வந்தவர்கள் நூற்றுச் சொச்சம்; பிற்பாடு பத்தாயிரத்தை நெருங்கினார்கள். 2013இல் நகரின் கலை அருங்காட்சியகமே ஊர்வலத்தன்று கதவைத் திறந்து, உடுத்தியிருக்கும் துணி ஒன்றுக்கு ஒரு டாலர் என்று நுழைவுக் கட்டணம் வைத்தது. ஒன்றுமே உடுத்தாதவர் காலணா தராமல் ஓவியம் பார்க்கலாம். எதிர்ப்பை இத்தனை அன்போடு வரவேற்றால் அது எதிர்ப்பாக எப்படி நீடிக்கும்? பெட்ரோல் பேச்சு பின்னால் போய், திருவிழா முன்னால் வந்தது.

ஈர்ப்பு குறைய இன்னொரு காரணம் கைக்குள் இருக்கிறது. ஊர்வலம் பிறந்தபோது ஐபோன் கிடையாது; அது 2007இல்தான் வந்தது. முன்பு பார்த்தவர் வீட்டுக்குப் போய் மறந்துவிடலாம். இப்போது தெருவோரம் நிற்கும் ஒவ்வொரு டாமின் கையிலும் கேமரா. படம் மறுநாள் அலுவலக மேலாளரின் திரைவரை போகலாம். கொரோனாவும் தன் பங்குக்கு விளையாடியது. 2021இல் பிலடெல்பியா அமைப்பாளர்கள், உடை இல்லாவிட்டால் பரவாயில்லை, முகக்கவசம் வேண்டும் என்று அறிவித்தார்கள். போர்ட்லண்ட் அமைப்பாளர்களோ 2024இல் ஓராண்டு ஓய்வெடுத்துக்கொண்டார்கள்.

கருதுகோளுக்குச் சோதனை 2025 அக்டோபரில் வந்தது. டிரம்ப் அரசு போர்ட்லண்டுக்குத் தேசியக் காவல் படையை அனுப்ப முனைந்ததும், ‘அவசரகால’ நிர்வாண ஊர்வலம் அறிவிக்கப்பட்டது. ஜூன் வெயில் இல்லை. குளிர், கூடவே மழை. ஆனாலும் கூட்டம் திரண்டு, குடியேற்ற அமலாக்கத் துறையின் கட்டடம்வரை போனது. முகம் சுளிக்க ஆள் கிடைத்ததும் ஊர்வலத்துக்கு உயிர் வந்தது; கருதுகோள் தேறிவிட்டது. நனைந்த இருக்கைத் துண்டின் நடத்தை பற்றி மட்டும் தனி ஆய்வு தேவைப்படுகிறது.