நட்சத்திரம் பதித்த லைசென்ஸ்

2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, ஓட்டுநர் உரிமத்தில் எவரும் போலி அடிக்க முடியாதபடி செய்துவிடுவது என்று அமெரிக்கா கங்கணம் கட்டிக்கொண்டது. 2005இல் ‘ரியல் ஐடி’ சட்டம் வந்தது. கெடு, 2008 மே. கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, கொரோனாவுக்காகவும் தள்ளிப்போனது. ஒருவழியாக 2025 மே 7இல் விமான நிலையங்களில் அமலுக்கு வந்தது: உள்நாட்டு விமானம் ஏற ரியல் ஐடி உரிமமோ பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாளமோ வேண்டும். நாட்டின் அவசரப் பாதுகாப்பு விஷயம், பாருங்கள்!

ரியல் ஐடி உரிமத்தின் அடையாளம், அட்டையின் மேல்பக்கம் ஒரு நட்சத்திரம். கலிஃபோர்னியாவில் அது தங்கநிறக் கரடியின் உடம்புக்குள் இருக்கும். பிறப்புச் சான்று அல்லது பாஸ்போர்ட், முகவரிச் சான்று, கல்யாணமாகிப் பெயர் மாற்றிய பெண்ணென்றால் திருமணச் சான்று என்று எல்லாம் காட்டினால்தான் அந்தக் கரடி கிடைக்கும்.

கரடியும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லையா? கவலை வேண்டாம். 2026 பிப்ரவரி முதல் 45 டாலர் கட்டினால் வேறு வழியில் ஆளைச் சரிபார்க்கப் பார்ப்பார்கள். பத்து நாள் செல்லுபடி. பயங்கரவாதி கையில் 45 டாலர் இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் போலும்.