கோல சிலாங்கூர் வட்டாரத்தில் குடும்பத்தோடு ரிசோர்ட்டில் தங்குதல்

வட சிலாங்கூரில் ரிசோர்ட் எனப்படுவது, பெரும்பாலும் செம்பனைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே வேலி போட்டு, உள்ளே ஒரு நீச்சல் குளத்தைத் தோண்டி, அதைச் சுற்றி வரிசையாகப் பலகை வீடுகளைக் கட்டி, ஒவ்வொரு கதவிலும் எண் எழுதி வைத்த இடம். கோல சிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங், செகிஞ்சான், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றி இவை இருக்கின்றன. பெஸ்தாரி ஜெயா என்பது சாலைப் பலகையில் மட்டும்தான். பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்ப் பக்கத்திலிருந்து ஈஜோக் வந்துசேர அதிக நேரம் ஆவதில்லை. அப்படி மிச்சமாகும் நேரத்தைப் பள்ளி விடுமுறையில் ஈஜோக் சமிக்ஞை விளக்கில் கழித்துக்கொள்ளலாம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, கிள்ளான், ஷா ஆலாம், சுங்கை பூலோ என்று குடிபெயர்ந்த குடும்பங்கள், விடுமுறை வந்ததும் காசு கட்டிக்கொண்டு அதே வட்டாரத்துக்கே ஏன் திரும்பிப் போகின்றன என்று கட்டுரையின் பிற்பகுதியில் ஒரு பாட்டி கேட்பார்.

அமெரிக்காவில் இதற்கு வேறொரு வகை உண்டு. அங்கே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் பொருத்திய வீட்டு வண்டியையே ஓட்டி வந்து, நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும் ரிசோர்ட்டில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் மாட்டிக்கொண்டு, குளம், கோல்ஃப் திடல், நடன மண்டபம் என்று மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். மலேசியாவிலும் 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு கேம்பர்வேன் மோகம் எட்டிப் பார்த்தது. தமிழ்க் குடும்பத்துக்கு அது தேவைப்படவில்லை. வீடு இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், வீட்டில் உள்ளதெல்லாம் வந்தால் போதும். தலையணை, பாய், போர்வை, மின்விசிறி, ஐஸ் பெட்டி, ஐந்து கிலோ அரிசி, ஊறுகாய் பாட்டில், சாமி படம், செருப்பில் பாதி. இவை ஓர் அல்ஸா காரில் அடுக்கப்படுகின்றன. பிறகு, இடம் இருந்தால், மனிதர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. மூன்று வாரம் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு மச்சான் ஒருவர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு, வசதிப் பட்டியலை அனுப்புகிறார்: நீச்சல் குளம், வில்வித்தை, ஏ.டி.வி. வண்டி, மீன்பிடிக் குளம், முயல் பண்ணை, துள்ளுமெத்தை, கயிற்றுப் பாலம், பார்பெக்யூ அடுப்பு, கரோக்கே அறை, கூட்ட மண்டபம். பட்டியல் நீள நீள வாடகை நியாயமாகத் தோன்றும். இவற்றில் எதையும் யாரும் தொடப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு வசதி குறைவாக உள்ள பக்கத்து ரிசோர்ட்டைப் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். வில் அம்பு இல்லாத இடத்தில் எப்படிப் படுத்துத் தூங்குவது?

நுழைவு பிற்பகல் 3 மணிக்கு. குடும்பம் 12 மணிக்கே வாசலில் நிற்கும். நால்வருக்கான அறைக்கு ஒன்பது பேர் என்பது வழக்கமான விகிதம். பாதுகாவலர் வண்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது பின்னிருக்கையில் பிள்ளைகள் படுத்துக்கொள்வார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பரம்பரையாக வருகிறது.

அடுத்து உணவு. தங்குவதன் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அறைக் கதவின் உட்புறம் ஒட்டிய விதிகளில் டுரியான் கூடாது, மங்குஸ்தீன் கூடாது என்பவற்றுக்குக் கீழே, அறைக்குள் சமைக்கக் கூடாது, மீறினால் வைப்புத்தொகையில் 50 வெள்ளி பிடிக்கப்படும் என்று இருக்கும். முதல் இரண்டையும் குடும்பம் மதிக்கிறது. மூன்றாவதற்கு உரை எழுதுகிறது.

சமையல் எது என்பதில் தெளிவு வேண்டும். வெந்நீர் வைப்பது சமையல் ஆகாது. கெட்டிலை ரிசோர்ட்காரனே வைத்திருக்கிறான். அந்த வெந்நீரை மேகி மீது விடுவது வெறும் ஊற்றல். கெட்டிலுக்குள் முட்டை போட்டு அவிப்பது கெட்டிலின் பாடு, நம் பாடு அல்ல. வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பைச் சூடு காட்டுவதும் சமையல் ஆகாது, ஏனென்றால் அது நேற்றே சமைத்து முடிந்த பொருள். சோறு வடிப்பது மூச்சு விடுவதைப் போன்ற அடிப்படைத் தேவை என்பதால் விவாதத்துக்கே வராது. வெங்காயம் வதங்கி, கடுகு வெடிக்காதவரை விதி மீறப்படவில்லை என்பது அத்தைமார் கட்சி. சித்திமார் கட்சி இன்னும் தாராளமானது: சார்டின் டின்னைத் திறந்து அதில் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் அது பிரட்டல்தான், அதையும் சமையல் என்று சொல்பவன் வயிற்றெரிச்சல் பிடித்தவன். கருவாடு ஒன்றை மட்டும் இரு கட்சிகளும் சமையல் என்று ஒப்புக்கொள்கின்றன. ஆகவே அது வராந்தாவில் பொரிக்கப்படும். வராந்தா அறை ஆகாது.

ரைஸ் குக்கரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மேசை மீது வைத்தால் துப்புரவுப் பணிப்பெண் கண்ணில் படும். குளியலறையில் மின்குழி கிடையாது. கட்டிலுக்கு அடியில் வைத்த ஒரு குடும்பத்தின் மெத்தைக்கு ஆவி பிடித்துவிட்டது. எனவே துணி அலமாரிக்குள், கீழ்த்தட்டில் வைத்து, தொலைக்காட்சியின் மின்குழியிலிருந்து நீட்டுக் கம்பி இழுத்து, கதவை முக்கால்வாசி சாத்தி, மேலே தொங்கும் ரிசோர்ட் ஹேங்கர்களில் சட்டை எதையும் மாட்டாமல் விட்டால் சோறு இருபத்தைந்து நிமிடத்தில் தயார். ஆனால் அறைச் சாவி அட்டையைச் சுவரில் உள்ள பெட்டியில் செருகினால்தான் மின்சாரம் வரும். எல்லாரும் குளத்தைப் பார்க்கப் போகும்போது அட்டையை எடுத்துப் போனால் சோறு அரைவேக்காட்டில் நின்றுவிடும். அதற்காகப் பேரங்காடி உறுப்பினர் அட்டை ஒன்று பணப்பையில் எப்போதும் இருக்கும். அதைச் செருகினாலும் விளக்கு எரிகிறது. அந்த அட்டையில் இதுவரை சேர்ந்த புள்ளிகளைவிட இந்தப் பயனே பெரிது.

குளிர்சாதனம், கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்தடுப்பான் விழும். சில இடங்களில் பக்கத்து அறைக்கும் சேர்த்து விழும். உடனே அத்தை வராந்தாவுக்கு வந்து, “என்னா இது, கரண்டே இல்ல! இந்தக் காசு வாங்குறானுங்க!” என்று பக்கத்து அறைக்காரரோடு சேர்ந்து சத்தம் போட வேண்டும். பாதுகாவலர் மோட்டார் சைக்கிளில் வருவார். அறைக்குள் எல்லாரும் ஒரு வார்த்தையும் பேசாமல் தொலைக்காட்சியின் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் கடந்து போகக்கூடியது. ஆனால் சித்தி யாரிடமும் சொல்லாமல் சோற்றில் பண்டான் இலை முடிச்சு ஒன்றைப் போட்டிருப்பார். பண்டான் மணத்துக்கு முன்னால் எந்தப் பொய்யும் நிற்காது. சென்ற பள்ளி விடுமுறையில் இக்கட்டுரையாளரின் குடும்பத்திடம் 50 வெள்ளி பிடிக்கப்பட்டது இப்படித்தான். ரசீதில் காரணம் சமையல் என்றுகூட எழுதவில்லை. “அலமாரிச் சேதம்” என்று எழுதினார்கள். அந்த அலமாரிக் கதவு உள்ளே நுழைந்தபோதே உப்பித்தான் இருந்தது. இது எங்காவது பதிவாக வேண்டும்.

காலை உணவு வாடகையில் அடக்கம். அறைக்கு இரண்டு கூப்பன். நாசி லெமாக், சொசேஜ், பீன்ஸ், குளிர்ந்த மீ கோரெங். இருவர் போய்ச் சாப்பிட்டு, ஏழு பேருக்கானதைத் திசுத்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

நீச்சல் குளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். யாருக்கும் நீந்தத் தெரியாது. நீச்சல் உடை கட்டாயம் என்ற பலகைக்குக் கீழே பிள்ளைகள் பள்ளி விளையாட்டுச் சட்டையோடு இறங்குவார்கள், மாமாமார் கரையில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். சிலாங்கூரில் பிற்பகல் இடி மின்னல் அன்றாட விஷயம் என்பதால், எல்லாரும் நனைந்து முடித்த நிமிடத்தில் விசில் ஊதிக் குளம் மூடப்படும்.

மழை நேரத்தில் வராந்தாவில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் பாட்டிமார் அந்த இடத்தை மதிப்பிடத் தொடங்குவார்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டிய பாட்டி ஒருவர், எதிரே வரிசையாக நின்ற எண் போட்ட வீடுகளை இடமிருந்து வலம் பார்த்துவிட்டு, “ஏன்டா, லயத்துக்கா வாடக கட்டி வந்திருக்கீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. கேள்வி நியாயமானது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமும் இப்படித்தான். ஒட்டிய சுவர், வரிசைக்கு ஒரு பொதுக் குழாய், மலாயில் விதிப் பலகை, மேசைக்குப் பின்னால் பதிவேட்டோடு ஒரு கிராணி, சற்று உயரத்தில் நிர்வாகியின் பங்களா. வசதிப் பட்டியலையும் ஒப்பிடலாம். அந்தக் காலத் தோட்டத்தில் பந்துத் திடல், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, டிரசர் இருந்த மருந்துக்கூடம், கள்ளுக்கடை, கணக்கில் கொடுக்கும் மளிகைக் கடை, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம் எல்லாம் இருந்தன. வில்வித்தை மட்டும் இல்லை. தோட்ட முதலாளி என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் என்று தனிச் சட்டமே உண்டு. அதற்கு முன் 1966இலும் ஒன்று இருந்தது. லயத்து வீட்டுக்குள் சோறு ஆக்கியதற்காக யாரிடமும் 50 வெள்ளி பிடித்ததாகப் பாட்டிக்கு நினைவில்லை.

வேலிக்கு அப்பால் தெரியும் செம்பனைக்கும் இந்த வட்டாரமே பிறந்த வீடு. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். அந்தத் துரை பிற்பாடு மலாயாவைப் பற்றி ஒரு நாவலும் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். காட்டில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு எழுத நேரம் கிடைத்ததா என்று பரிசுக் குழு விசாரிக்கவில்லை.

சுற்றியுள்ள இடங்கள், விதிப்படி, இரண்டாம் நாளுக்கு ஒதுக்கப்படும். புக்கிட் மெலாவத்தியில் 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையின் மிச்சம், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பயற்றங்காய்க்காகத் தோளில் ஏறும் லூத்தோங் குரங்குகள். கீழே 1987இல் தொடங்கிய இயற்கைப் பூங்கா. சாசாரான் கரைக்கு அப்பால், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில் தலைகாட்டும் மணல்திட்டு. அதில் நின்று படம் எடுத்தால் வானத்தில் நிற்பதுபோல் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடி, ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகள். பெண் பூச்சியை அழைக்க ஆண் பூச்சிகள் சேர்ந்து மின்னுகின்றன. அவற்றின் புழுக்கள் ஆற்றோரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. இதைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். துடுப்புப் படகில், ஒளிப்படக் கருவியின் வெளிச்சம் இல்லாமல், வாய் மூடி உட்கார வேண்டும்.

அங்கேதான் குடும்பத்துக்குச் சிக்கல். இரண்டாம் நாள் இரவு தங்குவதில்லை; முதல் இரவிலோ படகு கிளம்பும் நேரமும் கோழி வேகும் நேரமும் ஒன்று. பாபாஸ் மசாலாவில் முந்தின நாளே ஊறிய கோழி, ஈரக் கரியில் புகைந்துகொண்டிருக்கும். பார்பெக்யூ அடுப்பு ரிசோர்ட்டே கொடுத்த வசதி, அதை விட்டுவிட்டுப் போக முடியாது. மாமா விசிறுவார், மற்ற மாமாக்கள் விசிறும் முறையைத் திருத்துவார்கள். பத்தரைக்கு வெளிப்பக்கம் கருகி உள்பக்கம் சிவந்த கோழி வரும். அலமாரிச் சோற்றோடு அதைச் சாப்பிடுவார்கள்.

பதினொன்றுக்கு மேல் கரோக்கே. அறை பூட்டியிருந்தால் கவலை இல்லை, சக்கரம் வைத்த ஒலிபெருக்கி வண்டியில் வந்திருக்கிறது. இளையராஜா பாட்டில் தொடங்கி, மேலே போக முடியாத இடத்தில் எல்லாரும் சேர்ந்து கத்திச் சமாளித்து, இரண்டு மணிவரை போகும். அது பக்கத்து வீட்டுக் குடும்பமாக இருந்தால் அநாகரிகம். இந்தக் குடும்பமாக இருந்தால் பிள்ளைகளின் திறமை.

இரண்டாம் நாள் காலை எல்லாரும் தாமதமாக எழுவார்கள். பாசிர் பெனாம்பாங்கில் கருவாடு வாங்க மட்டும் நேரம் இருக்கும்.

வெளியேறும் நேரம் 12 மணி. துப்புரவுப் பணிப்பெண் துண்டுகளை எண்ணி, தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பார்த்து, அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். சாவி அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முறையாவது பேரங்காடி அட்டை கைமாறிப் போகும். வாசலிலிருந்து திரும்பி வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். வைப்புத்தொகையை ரொக்கமாகத் தர மாட்டார்கள். பிடித்தது போக மீதி, பதினான்கு வேலை நாட்களுக்குள், பதிவு செய்தவரின் வங்கிக் கணக்கில் சேரும். பதிவு செய்தவர் மச்சான் என்பதால் மற்றவர்களைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிகிறது.