பட்டினி கிடக்கும் முழங்கால்

ஏலே பேராண்டி, எந்திரிக்காதே. லீவுக்கு வந்த நாள்லருந்து நாற்காலிய விட்டு அசையாம முழங்காலப் பத்திரப்படுத்தி வச்சிருக்க. அதை எதுக்கு வீணாக் கெடுக்கணும்? நடந்தா மூட்டு தேஞ்சிருமாம்ல! ஆட ஆடத் தேயறதுக்கு அதென்ன கதவுக் கீலா? ஆடாட்டாத்தான்டா அதுக்குப் பட்டினி.

எலும்பு முனையில ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துக்கு வழவழன்னு குருத்தெலும்பு இருக்கு. அதுக்குள்ள ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. தேய ஆரம்பிச்சாலும் வாயத் திறக்காது, உங்க தாத்தனுக்கு வாக்கப்பட்டவ மாதிரி இல்ல. மூட்டச் சுத்தியிருக்கிற பையோட உள்சவ்வு சுரக்கிற நீருதான் அதுக்குச் சோறு. கால் ஊனுனா அமுங்கிக் கசியும். தூக்குனா திரும்ப உறிஞ்சிக்கிடும். முழங்காலுக்குள்ள ஒரு தேக்கரண்டி நீர்கூடத் தேறாது. நீயோ பாட்டில் பாட்டிலா தைலம் தேய்க்கிற. தேயி, பாய்தலகாணி மணக்கும்.

காலத் தொங்கவிட்டு மெதுவா நீட்டு பாப்போம். முழுசா நீளப் போற நேரத்துல கெண்டைக்கால் எலும்பு லேசா வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கிடும். ரேஷன் கடை வரிசையில கிழவிக மணிக்கணக்கா நின்னு ஊர்வம்பு பேசுறது அந்தப் பூட்டு தயவுலதான். மடக்கும்போது முழங்காலுக்குப் பின்னால ஒரு குட்டித்தசை அதைத் திறந்துவிடும்.

விரல்ல நெட்டி முறிச்சா மூட்டுவாதம் வரும்னு உங்காத்தா கத்துறாளா? கலிஃபோர்னியாவுல டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டரு. அவரு ஆத்தாளும் இதே பாட்டுதான். மனுசன் 50 வருசத்துக்கு மேல இடது கையில மட்டும் தினம் ரெண்டு தடவையாவது முறிச்சாரு. ரெண்டு கையிலயும் வாதம் இல்ல. 2009ல அதுக்கு இக் நோபல்ங்கிற வேடிக்கைப் பரிசே குடுத்தாங்க. ஒத்தை ஆளு, ஒத்தைக் கை. அத வச்சுச் சட்டம் எழுத முடியாது. ஆனா பெத்தவளோட அரை நூற்றாண்டு வழக்காடுனவனுக்குப் பரிசு குடுக்கலாம்தான். சத்தம் எலும்போடது இல்லடா, மூட்டு நீர்ல வர்ற குமிழியோட சத்தம்.

வீங்கிச் சூடாயிருந்தா டாக்டரப் பாரு. சும்மா நொடுக்குன்னா அதுக்கு ஒண்ணும் இல்ல. தொப்பையத்தான் கவனிக்கணும், படியிறங்கையில ஒடம்பு எடையில மூணு மடங்குக்கு மேல முழங்கால்ல இறங்குது.

சரி, வண்டிச் சாவிய இங்கிட்டு வை. முக்குக் கடையில வெத்தலை கொழுந்தாப் பாத்து ஒரு கவுளி வாங்கிட்டு வா. கடைக்காரன் என் பழைய பாக்கியக் கேப்பான், அதையும் சேத்துக் குடுத்துரு.