தரகர் வேலை பார்க்கும் தொலைநோக்கி

பழுப்புக் குறுமீன் என்பது நட்சத்திரமா, கிரகமா?
– எஸ்.வி., கோவில்பட்டி

நட்சத்திரமாகப் பார்த்து, எடை பத்தாமல் நின்றுபோனது. வியாழனைப் போல ஏறக்குறைய 13 முதல் 80 மடங்கு வரை எடை இருக்கும். ஹைட்ரஜன் நிலையாக எரிய அது போதாது. பிறந்தபோது கிடைத்த சூட்டிலேயே காலம் தள்ளி, ஆறிக்கொண்டே போகும். இப்படி ஒன்று இருக்கலாம் என்று 1960-களிலேயே கணக்குப் போட்டவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். ‘பழுப்பு’ என்று 1975-இல் பெயர் வைத்தவர் ஜில் டார்ட்டர். நிறம் என்னவோ பழுப்பு இல்லை!

அது ஒற்றையா, ஜோடியா என்று தேடுகிறார்களாமே? விஞ்ஞானிகள் கல்யாணத் தரகர்களா?
– ஆர்.எம்., மன்னார்குடி

ஏறக்குறைய! ஆனால் ஜாதகம் அல்ல, எடைதான் வேண்டும். வெளிச்சத்தை வைத்து எடையை ஊகிக்கப் போனால் ஏமாந்துவிடுவோம்: இளசான லேசான குறுமீனும், வயதான கனத்த குறுமீனும் ஒரே அளவு மினுங்கும். ஜோடி என்றால் கவலையில்லை. சுற்றும் காலமும் இடைவெளியும் தெரிந்தால் கெப்ளர் விதியில் எடை வந்துவிடும். அதிலும் நெருக்கமான ஜோடிதான் தேவை; சில வருடங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். விலகி நிற்கும் ஜோடிக்கு நூற்றாண்டுகள் ஆகும். ஆராய்ச்சியாளர் ரிட்டயர் ஆகிவிடுவார்.

நெருங்கியிருந்தால் ஒரே புள்ளியாகத்தானே தெரியும்?
– க.ப., சேலம்

தெரியும். குற்றவாளி நம் காற்று. அலைந்து அலைந்து படத்தைக் கலக்கிவிடுகிறது. அதற்குத்தான் ‘அடாப்டிவ் ஆப்டிக்ஸ்’. வளைந்துகொடுக்கும் ஒரு கண்ணாடி, காற்றின் சேட்டைக்கு ஏற்ப நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். காற்று என்ன செய்கிறது என்று சொல்ல, பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று வேண்டும். இல்லையென்றால்? ஹவாயின் மௌனா கியா உச்சியிலுள்ள கெக் தொலைநோக்கி, ஆரஞ்சு நிற லேசரை மேலே பாய்ச்சுகிறது. சுமார் 90 கி.மீ. உயரத்தில் உள்ள சோடியம் அணுக்கள் ஒளிர்ந்து, போலி நட்சத்திரம் தயார்! அதன் 10 மீட்டர் கண்ணாடிக்கு, அகச்சிவப்பில், ஒரு பாகையை 72,000 கூறு போட்டால் வரும் ஒரு கூறளவு நுணுக்கம் கிடைக்கிறது.

அந்த லேசர் விமானத்தில் பட்டால்?
– ஜெ., ஆவடி

அணைத்துவிடுவார்கள். இதற்கென்றே ஒரு காலத்தில் மலையுச்சிக் குளிரில் ஆட்கள் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

அடாப்டிவ் ஆப்டிக்ஸ் வித்தைக்கும் டிமிக்கி கொடுத்த ஜோடி உண்டா?
– தி.ந., நாகர்கோவில்

உண்டு. 12 ஒளியாண்டு தூரத்து எப்சிலான் இண்டி-பி சீக்கிரம் மாட்டிக்கொண்டது: 2003 தொடக்கத்தில் ‘ஒன்று’ என்று அறிவித்தார்கள், அதே ஆண்டு சிலியின் வி.எல்.டி. தொலைநோக்கி ‘இரண்டு’ என்றது. கிளீஸ் 229-பி அப்படி அல்ல. 1995-இல் அறிவிக்கப்பட்டு, ஏறக்குறைய 30 வருடம் ஒற்றையாகவே நடித்தது. எடை வியாழனைப் போல சுமார் 70 மடங்கு. வெளிச்சமோ அந்த எடைக்கு ரொம்பக் குறைவு. அடாப்டிவ் ஆப்டிக்ஸ் பொருத்திய நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியைச் சிலியில் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2024-இல் வந்த தீர்ப்பு: வியாழனைப் போல 38 மடங்கு ஒன்று, 34 மடங்கு மற்றொன்று. ஒன்றையொன்று சுற்றிவர 12 நாள்.