வாரண்ட் மாமா

மாமாவுக்கு வாரண்ட் இருப்பது டீக்கடை பெஞ்சு வரைக்கும் தெரியும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகத்தில் இருப்பவர் மாமா ஒருவர்தான். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் வருஷக்கணக்காக ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"மாப்ளே, நீ டவுனுக்குத்தானே போற? சும்மா அந்தப் பக்கம் போற மாதிரி கோர்ட்டுல ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்."

சும்மா அந்தப் பக்கம் போகிற மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வர அது பெரிய கோயில் பிராகாரம் இல்லை. போய் நின்றால் பெஞ்சு கிளார்க் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எத்தனாவது எதிரி?" எதிரி இல்லை, எதிரியின் அக்கா மகன் என்றால், இரண்டாவது கேள்வி, "அவர் எங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு மாமா எந்தப் பதிலும் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை.

திருவையாற்றில் இப்படி ஒரு மாமா உண்டு. ஒரத்தநாட்டில் உண்டு. நீடாமங்கலத்தில் நிச்சயம் இரண்டு பேர். செக் கேஸ், வரப்புத் தகராறு என்று ஆளுக்கு ஒன்று. அதில் அந்தஸ்தானது காவிரி மறியல் கேஸ். இந்த மாமாவுடையது அதுதான்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வேண்டும் என்றும் சொன்னது. மார்ச் 29ல் கெடு முடிந்தது, திட்டம் வரவில்லை. ஏப்ரல் 5 அன்று தமிழ்நாடு முழுக்க பந்த். மாமா அன்று பம்புசெட்டுக்கு வாஷர் வாங்கக் கிளம்பியவர். பந்த் அன்று கடை இருக்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. பஸ் இல்லை, மறியல் நடந்த இடத்தில் நிழல் இல்லை, போலீஸ் வேனுக்குள் நிழல் இருந்தது. ஏறிவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் இறக்கி, பேர் எழுதினார்கள். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், அப்பா பேர், தெரு, கதவு எண் வரைக்கும் விலாவாரியாகச் சொன்னது மாமாதான். மண்டபத்தில் பேர் எழுதினால் மொய் என்றே அவருக்குப் பழக்கம். மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், ஃபேனுக்குக் கீழே ஒரு தூக்கம், சாயங்காலம் விடுதலை. மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிட்டால் வழக்கு அத்தோடு தீர்ந்தது என்பது டெல்டா மாவட்டங்களில் எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். சாயங்காலம் வீட்டுக்குப் போவதில்லை. ஜூன் 1ஆம் தேதி காவிரி மேலாண்மை ஆணையமே அமைந்துவிட்டது. "ஆணையம் கேட்டோம், வந்தாச்சு. அப்புறம் என்ன கேஸு?" என்றார் மாமா. அவர் கேட்டது வாஷர்.

சம்மன் வந்தது. மாமா கொல்லைப்பக்கம் போனார். 2007ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், எடுத்த எடுப்பில் பிடிவாரண்ட் போடக்கூடாது, முதலில் சம்மன், அப்புறம் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் மற்றது என்று படிக்கட்டு கட்டிக்கொடுத்தது. மாமா ஒரு படியையும் தாண்டாமல் நிதானமாக ஏறினார். அவர் மேல் இருந்த 143, 341, 188 மூன்றுமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள். ஜாமீனில் விட முடியாத வாரண்ட், வராமல் இருந்தே அவர் சம்பாதித்த பட்டம்.

ஆள் அனுப்பும் படலம் இதற்குப் பிறகுதான். முதலில் மச்சினர் போனார். கோர்ட் வாசலில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து "ஒண்ணும் இல்லையாம்" என்றார். யாரிடம் கேட்டார் என்பதை அவரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை; அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஓட்டினார். அடுத்து உரக்கடைக்காரர், அவர் பையனோடு படித்தவர் ஏட்டாக இருக்கிறார் என்பதற்காக. உரக்கடைக்காரர் உண்மையைச் சொன்னதால் மாமா கடையை மாற்றிவிட்டார். பிறகு அத்தையையே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அத்தை ரைட்டரிடம் பணிவாகக் கேட்டது: "அவுக ஊர்ல இல்லீங்க. இருந்தா புடிப்பீங்களா?"

அதற்கப்புறம் முறை அக்கா மகனுக்கு. படித்த பையன், தஞ்சாவூரில் வேலை, வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவ். அதில் நாலு நாள் மாமாவின் சும்மாவுக்குப் போனது. ஒரு தடவை லீவைச் சேமிக்கலாம் என்று போனிலேயே ஈ-கோர்ட்ஸ் தளத்தைத் திறந்து, பேரையும் வருஷத்தையும் போட்டு, வழக்கைக் காட்டினான். வாரண்ட் நிலுவை என்று பளிச்சென்று இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இனிஷியலுக்கப்புறம் புள்ளி இல்ல பாரு. இது வேற யாரோ."

அப்பா பேரும் ஊரும் அவருடையதுதானே என்றதற்கு, போனைச் சட்டென்று பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். "நீ இங்கேருந்து பாத்தா அவங்களுக்கு இடம் தெரிஞ்சிடும்டா. மெட்ராஸ் போறப்ப பாரு."

மாமாவின் சட்ட அறிவைக் குறைத்து மதிப்பிட முடியாது. பத்திரிகையில் பாதி படிப்பார், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வார். 2016 ஜூலையில் விஜயகாந்துக்கும் பிரேமலதாவுக்கும் அவதூறு வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் பிடிவாரண்ட் போட்டது. உடனே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மாமா இதைத் தன் சம்பந்தப்பட்ட செய்தியாகவே பாதுகாத்து வைத்திருக்கிறார்: "வாரண்டுக்குத்தான் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுருச்சே." 2017 மே மாதம் ஊட்டி நீதிமன்றம் சூர்யா, சத்யராஜ், சரத்குமார் உள்ளிட்ட 8 நடிகர்களுக்கு வாரண்ட் போட்டது அவருக்கு இன்னொரு ஆறுதல். அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகத் தன்னைச் சேர்த்தே பேசுவார்.

வாரண்ட் மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பது அவரது இன்னொரு கண்டுபிடிப்பு, பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்துச் செய்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 70(2) சொல்வது நேர் எதிர். போட்ட நீதிமன்றம் ரத்து செய்கிறவரை, அல்லது ஆளைப் பிடிக்கிறவரை வாரண்ட் உயிரோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே மாறியபோது மாமா தெருவில் நடந்த நடையே வேறு. "பழைய சட்டம் போயிடுச்சு. மரம் போனப்புறம் கிளை மட்டும் எப்படி நிக்கும்?" நின்றது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விதி 72(2) ஆக உட்கார்ந்திருக்கிறது.

போலீஸ் வரவே இல்லையா என்றால், வந்தது. தேர்தல் நெருங்கினால் நிலுவை வாரண்டுகளையெல்லாம் தூசி தட்டுவார்கள். அப்படி ஒரு தேர்தலின்போது வந்த இளம் கான்ஸ்டபிள் வரப்பில் நின்ற மாமாவிடமே பேரைச் சொல்லி விசாரித்தார். "அவரா? அந்தக் கடைசி மடையில நிப்பாரு, வெயிலா இருக்கு, குடை கொண்டு போங்க தம்பி" என்று தன் குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு மாமா வாய்க்கால் வழியாக மகள் வீட்டுக்குப் போனார். குடையை இன்னும் கேட்கவில்லை. போய்க் கேட்க வேண்டிய இடம் ஸ்டேஷன்.

இத்தனைக்கும் வழி எளிது. வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, வாரண்ட் ரீகால் மனுவோடு தானாகப் போய் நின்றால், பெரும்பாலும் அன்றைக்கே ரத்தாகும். காரணம் கேட்பார்கள், சில சமயம் கொஞ்சம் பணம் கட்டச் சொல்வார்கள். 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, போராட்டத்துக்காகக் கூடியவர்கள் மேல் 143, 188ல் போட்ட வழக்குகளை ரத்து செய்து, 188க்குப் போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த வழியிலும் முயன்றிருக்கலாம். எதற்கும் முதலில் கையெழுத்து வேண்டும். "வக்கீல் ஆபீஸ் எங்க இருக்கு? கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல. அங்க போயி நிக்கச் சொல்றியா?" சும்மா போகச் சொன்ன பாதைதான் அது.

வாய்தா என்றைக்கு வந்தாலும் மாமாவுக்கு விவசாயம் இருக்கும். ஆனியில் குறுவை நடவு, தையில் சம்பா அறுப்பு, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலாகக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்க மாட்டேனென்கிறார்கள். சித்திரையில் வயல் சும்மாதான் கிடக்கும். அப்போது கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை என்பார். அந்த விடுமுறை சிவில் கோர்ட்டுக்கு.

இந்த வழக்கில் எதிரிகள் 23 பேர். 22 பேர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறார்கள். அறுபது தாண்டிய ஒரு அம்மா முதல் பஸ்ஸில் வந்து, வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும். அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போச்சு. டவாலி வரிசையாகப் பேர் கூப்பிடுவார், எல்லோரும் கை தூக்குவார்கள், மாமாவின் பேர் மூன்று முறை கூரையில் மோதித் திரும்பும். ஒரு ஆள் இல்லாமல் குற்றச்சாட்டு படிக்க முடியாது என்று தேதி தள்ளிப்போகும். 341க்கு அதிகபட்ச அபராதமே 500 ரூபாய். அந்த அம்மா இழந்த கூலி அதைப்போல எத்தனை மடங்கு என்று மாமாவிடம் கணக்குச் சொன்னபோது, அவர் முதல் தடவையாக எந்தச் சட்டமும் பேசவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

போனார். அக்கா மகன் ஐந்தாவது லீவ் போட்டான். காலை பத்து மணியிலிருந்து கூண்டுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்ற மாமா, பேர் கூப்பிட்டதும் "இருக்கேங்கய்யா" என்று மண்டபத்தில் சொன்ன அதே கணீர்க் குரலில் சொல்லி, அப்பா பேரையும் சேர்த்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "தண்ணி வந்துடுச்சுங்கய்யா." எந்த வருஷத்துத் தண்ணி என்று அவர் கேட்காதது மாமாவின் அதிர்ஷ்டம். நாலு நிமிஷத்தில் வாரண்ட் ரத்து. அடுத்த தேதி கொடுத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் 22 பேருக்கும் மாமா டீ வாங்கிக் கொடுத்தார். மண்டபப் பேச்சு வந்தது. அன்றைக்குப் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம், மேலே ஒரு வடையும் இருந்தது என்றார் மாமா. சாம்பார் சாதம்தான், வடையெல்லாம் கிடையாது என்றது அந்த அம்மா. பத்தாவது எதிரி தயிர்சாதம் என்றார். எழுந்த சத்தத்தில் டவாலி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.