உலகக் கோப்பையில் 16 கோல் அடிப்பது எப்படி?

கால்பந்தில் பெயரெடுக்க ஆறு வயதிலேயே அகாடமியில் சேர வேண்டும் என்பார்கள். நம்பாதீர்கள். உலகக் கோப்பைகளில் 16 கோல் போட்ட ஜெர்மன் ஆட்டக்காரர் மிரோஸ்லாவ் க்ளோசே மாதிரி வர வேண்டுமென்றால் முதலில் தச்சு வேலை கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலி, மேசை செய்வது போதாது. வீட்டுக் கூரைக்கு உத்தரமும் சட்டமும் ஏற்றும் வேலையாக இருக்க வேண்டும். உயரத்தில் நின்று பழகியவனுக்குக் கார்னரில் வரும் பந்து பயம் தராது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஜெர்மன் பயிற்சியாளர்கள் யாரும் இதை இன்னும் ஏற்கவில்லை.

அதற்கு முன் பிறப்பை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். 1978 இல் போலந்தின் ஓப்போலேயில் பிறக்கவும். அப்பா தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர், அம்மா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணிக்காரர். இந்தப் படியில் மட்டும் உழைப்புக்கு இடமில்லை. எட்டு வயது வாக்கில், மொழி தெரியாமல், ஜெர்மனியின் கூசெல் என்ற சிற்றூருக்குக் குடிபெயருங்கள்.

இருபது வயது வரை யார் கண்ணிலும் படாமல் இருப்பது முக்கியம். 1998 இல் அக்கம்பக்கத்தில் இருக்கும் கைசர்ஸ்லாட்டர்ன் அணி பன்டெஸ்லிகா பட்டத்தை வென்றபோது, க்ளோசே பிளாபாக்-டீடெல்கோப் என்ற ஊர் அணிக்கு ஏழாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே அவர் கைசர்ஸ்லாட்டர்னில். 2001 இல் போலந்தும் கூப்பிட்டது, ஜெர்மனியும் கூப்பிட்டது. அவர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்து, அல்பேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 88 ஆவது நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டார். ஏழாம் டிவிஷனை விட்டு வந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. உங்கள் பிள்ளை பதினோரு வயதில் மாவட்ட அணிக்குத் தேர்வாகவில்லை என்று அழுதால் இதைச் சொல்லிவிடாதீர்கள். உடனே உளி வாங்கித் தரச் சொல்வான்.

இனி கோல் போடும் முறை. 2002 உலகக் கோப்பையில் ஐந்து கோல், ஐந்தும் தலையால். அதில் மூன்று சவூதி அரேபியாவுக்கு எதிராக. ஜெர்மனி 8-0 என்று வென்ற ஆட்டம். 2006 இல், சொந்த மண்ணில், மீண்டும் ஐந்து. இம்முறை தங்கக் காலணியும் சேர்ந்து வந்தது. தூரத்திலிருந்து இடி மாதிரி அடித்து அரங்கத்தை எழுப்பிவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அவருடைய 16 உலகக் கோப்பை கோல்களும் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து போட்டவை. பந்து எங்கே வந்து விழும் என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொள்வது ஒன்றே வித்தை. அதைக் கற்றுத்தரும் பாடம் இந்த வழிகாட்டியில் இல்லை, வேறெதிலும் இல்லை.

கிளப்பில் சொதப்பினால் கலங்க வேண்டாம். 2009-10 பன்டெஸ்லிகா சீசன் முழுக்க பயர்ன் மூனிக் அணிக்காக அவர் போட்டது 3 கோல். சீசன் முடிந்ததும் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்குப் போய் ஐந்தே ஆட்டத்தில் 4 போட்டார். அந்த ஆட்டங்களில் ஒன்றில் சிவப்பு அட்டை வாங்கிப் பாதியிலேயே வெளியேறியவர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடினமான பயிற்சி: கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பது. 2005 இல் வெர்டர் பிரேமனுக்காக ஆடும்போது நடுவர் தந்த பெனால்டியை, தன்மீது ஃபவுல் நடக்கவில்லை என்று சொல்லி மறுத்தார். அன்று பிரேமன் வென்றது. ஆகவே செலவில்லாத நேர்மை என்று நீங்கள் முணுமுணுக்கலாம். 2012 இல் லாசியோவுக்காக நாப்போலிக்கு எதிராகக் கையில் பட்டுப் போன கோலை நடுவர் அங்கீகரித்த பிறகு, கையில் பட்டது என்று அவரிடமே போய்ச் சொன்னார். கோல் ரத்தானது. லாசியோ 0-3 என்று தோற்றது. என்னைக் கேட்டால் அவருடைய கோல்கள் எல்லாவற்றையும்விட இந்த இல்லாத கோல்தான் பெரிது. ஆனால் கோல் ஊக்கத்தொகை ஒப்பந்தம் போட்டிருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

கோல் போட்டதும் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். 2014 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக, களமிறங்கிய இரண்டு நிமிடத்தில் 15 ஆவது கோலைப் போட்டு பிரேசிலின் ரொனால்டோவின் சாதனையைச் சமன் செய்தார், கரணமும் அடித்தார். வயது 36. கால் சரியாக ஊன்றவில்லை. முப்பதைக் கடந்த வாசகர்கள் கை தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவும். அடுத்து அரையிறுதியில், பிரேசில் மண்ணில், பிரேசிலுக்கு எதிராக 16 ஆவது. முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார். ரொனால்டோ அன்று அதே அரங்கில் இருந்தார். ஜெர்மனி 7-1.

இறுதியாட்டத்தில் வெற்றி கோலை நீங்கள் போடக் கூடாது. 88 ஆவது நிமிடத்தில் வெளியே வந்து மாரியோ கோட்ஸேவுக்கு இடம் கொடுங்கள். 113 ஆவது நிமிடத்தில் அவர் போடுவார், கோப்பை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தேசிய அணிக்கு 137 ஆட்டங்களில் 71 கோல். அவர் கோல் போட்ட எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 62 ஆட்டங்களிலேயே 68 போட்டார் என்று யாராவது மடக்கினால் ஒத்துக்கொள்ளுங்கள். கோல் போடுவதில் முல்லர்தான் பெரியவர். ஆனால் அவரைப் போல ஆவதற்கு வழிகாட்டி எழுத என்னால் முடியாது.